வாழ்த்து ஸ்டிக்கர் போதுமா? ஆபீஸ் காலண்டர் செய்ய வேண்டிய வேலை

2025 ஜனவரி நினைவிருக்கிறதா? ஜனவரி 14, பொங்கல் அன்று சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வு. மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு யுஜிசி நெட் தேர்வு. "டெல்லியில ஒருத்தருக்குக்கூடவா பொங்கல் தெரியாது?" என்று தமிழ்நாட்டில் கோபம் கிளம்பியது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த இரண்டு நாள் தேர்வுகளும் வேறு தேதிக்கு மாறின.

தேதி குறித்தவர்கள் தெரிந்தே செய்தார்களா, கவனிக்காமல் விட்டார்களா என்பது வேறு விஷயம். ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்த மாணவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது அதே கேள்வியைச் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் திருப்பிப் பார்க்கலாம். புனித வெள்ளி அன்று முக்கியமான ரிலீஸ். ரம்ஜான் நோன்பு நாளில் டீம் லஞ்ச். திருவோணத்தன்று காலை 9 மணிக்கு ரிவ்யூ மீட்டிங். யாராவது சொன்னால், "அட, அன்னைக்கா? தெரியாமப் போச்சே!" என்பதுதான் பதில். டெல்லிக்குப் பொங்கல் எப்படியோ, இங்கே பல மேனேஜர்களுக்கு ஓணம் அப்படி.

கொண்டாட்டம் வேறு, திட்டமிடல் வேறு

பல நிறுவனங்களில் இப்போது 'பண்பாட்டு காலண்டர்' இருக்கிறது. அந்தந்தப் பண்டிகைக்கு வேட்டி, சேலை, பூக்கோலம், பாயசம், குரூப் போட்டோ, லிங்க்ட்இன் பதிவு. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மதியம் ஓண சத்யா போட்டுவிட்டு, அதே மலையாள ஊழியரை இரவு 9 மணி கால்-ல் உட்கார வைத்தால் அந்தப் பூக்கோலத்துக்கு என்ன அர்த்தம்?

ஒரு நாளில் என்ன நிகழ்ச்சி வைத்தார்கள் என்பதைவிட, அன்று எதை வைக்காமல் விட்டார்கள் என்பதில்தான் அந்த காலண்டரின் மதிப்பு இருக்கிறது.

தேதி மட்டும் தெரிந்தால் போதாது

இஸ்லாமிய ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்கள். அதனால் ரம்ஜான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள்கள் முன்னால் நகரும். 2030-ல் ஜனவரியில் ஒரு முறையும், டிசம்பர் கடைசியில் இன்னொரு முறையும் நோன்பு தொடங்கும். போன வருட எக்செல் ஷீட்டை அப்படியே காப்பி செய்தால் கணக்கு உதைக்கும். பெருநாள் பிறை பார்த்து முடிவாவதால், முன்பின் ஒரு நாள் இடம்விட்டே திட்டமிட வேண்டும்.

அது எப்படிப்பட்ட நாள் என்பதும் தெரிய வேண்டும். புனித வெள்ளி, இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் துக்க நாள். அன்று "ஹேப்பி குட் ஃப்ரைடே" என்று குரூப்பில் ஸ்டிக்கர் போடுவது நல்லெண்ணம்தான், ஆனால் பார்ப்பவருக்குச் சங்கடம். முஹர்ரம் ஷியா முஸ்லிம்களுக்குத் துக்க காலம்.

லேப்டாப் இல்லாதவர்களின் பண்டிகை

இந்த காலண்டர்கள் அதிகம் மறப்பது ஒப்பந்தத் தொழிலாளர்களை. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கட்டட வேலை, திருப்பூர் பனியன் கம்பெனி என எங்கும் பீகார்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பெரிய விழா சத் பூஜை. நான்கு நாள் விழா. அதில் சுமார் 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் உண்டு. "தீபாவளிக்குத்தான் லீவு குடுத்தாச்சே, திரும்ப எதுக்கு?" என்று கேட்கும் சூப்பர்வைசருக்கு ஒரு தகவல்: திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் நடக்கும் அதே சஷ்டி திதிதான் அவர்களுக்கும் முக்கியமான நாள்.

"எல்லாருக்கும் லீவு விட்டா வேலை எப்ப நடக்கும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் விடுமுறை எண்ணிக்கையைக் கூட்டாமலே நிறைய செய்யலாம். தமிழ்நாட்டின் 1958-ம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்கள் கட்டாயம். அதோடு ஐந்து பண்டிகை விடுமுறைகள் உண்டு. அவை எவை என்பது தொழிலாளர்களையும் கலந்து முடிவாக வேண்டியவை. மத்திய அரசு ஊழியர்கள் ஒரு பட்டியலிலிருந்து ஆண்டுக்கு இரண்டு நாள்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தனியார் நிறுவனங்களும் ஓரிரு நாள்களை இப்படி மாற்றிக்கொள்ள அனுமதிக்கலாம்.

பல நேரங்களில் லீவுகூடத் தேவையில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் வரும் மீட்டிங்கை மதியத்துக்கு மாற்றினால் போதும். டெட்லைனை இரண்டு நாள் தள்ளினால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெயரை வைத்து யார் எதைக் கொண்டாடுவார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. எல்லாரும் நோன்பு இருப்பதில்லை, எல்லாரும் சாமி கும்பிடுவதில்லை. "உங்க பண்டிகையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டுவதும் சிலருக்குத் தண்டனை. விருப்பமிருந்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற நிலை வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. அடுத்த ஆண்டின் ரிலீஸ் தேதிகளும் ஷிப்ட் பட்டியலும் முடிவாகும் முன், டிசம்பரிலேயே எல்லாரிடமும், ஒப்பந்த ஊழியர்களிடமும், ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "எந்த நாள்ல உங்களுக்கு வேலை வைக்கக் கூடாது?"

பொங்கலன்று பரீட்சை வைத்தபோது தமிழ்நாடு எதிர்பார்த்தது வாழ்த்துச் செய்தியை அல்ல. இந்த ஒரு கேள்வியைத்தான்.