கட்டில் வேண்டாம், கதவு வேண்டும்

நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2010இல். சென்னை மாநகராட்சியும் காப்பகங்கள் நடத்துகிறது. பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஆனால் பிராட்வே, வால்டாக்ஸ் சாலை நடைபாதைகளில் தலைமுறைகளாக வாழ்பவை குடும்பங்கள். அவர்களைப் பிரித்துப் படுக்கவைப்பதா ஆதரவு?

வீடு கேட்டால் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று கைகாட்டுகிறார்கள். நடைபாதையிலிருந்து அகற்றினால் பிழைப்பே போய்விடும் என்பதை ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய ஏற்பாட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மூட்டை தூக்கவும் குப்பை அள்ளவும் நகருக்குள் இவர்கள் வேண்டும். குடியிருக்க மட்டும் கூடாது. நடைபாதையில் படுத்திருப்போரின் சாதியைக் கணக்கெடுங்கள், காரணம் விளங்கும். காப்பகக் கட்டில் கருணை. வேலைக்கு அருகே வீடு உரிமை. உரிமையைக் கேட்போம்.