மூணு நாள் வெயிலின் அடக்கவிலை

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பு, திங்கட்கிழமை சாயங்காலம் திரும்பு. நடுவில் மத்தியதரைக் கடல், மணல், வெயில். டிக்கெட் விலையா? இரண்டு பீட்சா காசுதான்!"

ஐரோப்பாவில் இருப்பவர்கள் இந்த மாதிரி விளம்பரத்திலிருந்து தப்பிக்கவே முடியாது. லண்டன் மழையிலும் பெர்லின் குளிரிலும் நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு இதைப் பார்த்ததும் கை தானாக மௌஸைத் தேடும். உள்ளூர்க்காரர்கள் மட்டுமில்லை. மேற்படிப்புக்கு ஜெர்மனி போய் இறங்கிய நம்ம ஊர்ப் பசங்களும், லண்டனில் குடும்பத்தோடு செட்டில் ஆன தமிழர்களும் இதே திட்டத்தைத்தான் போடுகிறார்கள். மயோர்கா, இபிசா, மால்டா, சாண்டோரினி... ஏதோ ஒரு தீவு. மூன்று ராத்திரி. டிக்கெட் எவ்வளவு, ரூம் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு என்று கூட்டி, நண்பர்கள் எண்ணிக்கையால் வகுத்து, "செம சீப்பு மச்சி" என்று முடிவுக்கு வருகிறார்கள்.

அந்தக் கூட்டலே தப்பு.

சுற்றுலா போவது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. வெயிலைத் தேடிப் போவது மனித இயல்பு. தப்பு அந்த "மூணு நாள்" என்பதில் இருக்கிறது. ஒரு தீவுக்கு வரும் ஆட்களிலேயே மிக அதிகச் செலவு வைத்துவிட்டு, மிகக் குறைவாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர் இந்தக் குட்டி விடுமுறைக்காரர்தான். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு நீட்டப்படும் பில் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு மயோர்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் பெரியது. பரப்பளவு சுமார் 3,640 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஒன்பது லட்சத்துக்குச் சற்று மேல். அந்தத் தீவின் தலைநகர் பால்மா. அங்கே இருக்கும் விமான நிலையத்தின் வழியாக 2024-ல் போய் வந்த பயணிகள் 3 கோடியே 30 லட்சத்துக்கும் மேல்! பலேரிக் தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் நிரந்தரமாக வாழ்பவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர். அதே 2024-ல் அங்கே வந்த சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய 1 கோடியே 87 லட்சம் பேர். வீட்டில் நாலு பேர் இருக்க, வருஷத்துக்கு அறுபது விருந்தாளிகள் வந்து தங்கிப் போவது மாதிரி. அதிலும் பெரும்பாலோர் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவிலேயே வந்து குவிவார்கள்.

சரி, இப்போது அடக்கவிலைக் கணக்கியலின் முதல் பாடத்துக்கு வருவோம். பி.காம் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செலவு இரண்டு வகை. நிலையான செலவு, மாறும் செலவு. விருந்தாளிக்கும் அதே கணக்குதான். அவர் சாப்பிடுவதும் குளிப்பதும் தங்கும் நாளைப் பொறுத்து மாறும். ஆனால் அவரை விமானத்தில் கொண்டுவந்து இறக்குவது, திரும்ப ஏற்றி அனுப்புவது, விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு டாக்சியோ வாடகைக் காரோ பிடிப்பது, அவர் போனபிறகு ரூமைக் கழுவித் துடைப்பது, மெத்தை விரிப்பு துண்டு எல்லாவற்றையும் துவைப்பது, இதெல்லாம் மூன்று நாள் தங்கினாலும் பன்னிரண்டு நாள் தங்கினாலும் ஒரு தடவை செய்தே ஆகவேண்டியவை.

இப்போது இரண்டு காட்சிகளைக் கற்பனை செய்யுங்கள். முதலாவதில் ஒரே ஆள் பன்னிரண்டு ராத்திரி தங்குகிறார். இரண்டாவதில் நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து ஆளுக்கு மூன்று ராத்திரி தங்குகிறார்கள். ஹோட்டல்காரருக்கு இரண்டிலும் பன்னிரண்டு ராத்திரி கட்டில் நிரம்பியாகிவிட்டது. ஆனால் முதலாவதில் விமானப் பயணம் இரண்டு, இரண்டாவதில் எட்டு. முதலாவதில் ஒரு முழு சலவை, இரண்டாவதில் நாலு. டாக்சி, கார், நெரிசல் எல்லாமே அப்படியே பெருகும். கட்டில் வருமானம் அதே, தீவின் தலையில் விழும் சுமை மட்டும் பல மடங்கு.

"அதுக்குத்தான் சுற்றுலா வரி வாங்கறாங்களே?" என்று கேட்கலாம். வாங்குகிறார்கள். 2016 ஜூலையில் பலேரிக் அரசு ஒரு வரியைக் கொண்டுவந்தது. 2018-ல் அதை இரட்டிப்பாக்கினார்கள். அந்த விகிதப்படி கோடையில் நாலு நட்சத்திர ஹோட்டல் என்றால் ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 3 யூரோ. ஒன்பதாம் நாளிலிருந்து பாதி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை 75 சதவீதம் தள்ளுபடி. நல்ல எண்ணத்தில் போட்ட வரி, சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு ராத்திரி தங்கும் ஆள் கட்டுவது முதல் எட்டுக்கு 24 யூரோ, மீதி நாலுக்கு 6 யூரோ, ஆக 30. மூன்று ராத்திரிக்காரர் கட்டுவது 9 யூரோ. நாலு பேர் சேர்ந்து 36. (மதிப்புக்கூட்டு வரி தனி.) ஆறு கூடுதல் விமானப் பயணம், மூன்று கூடுதல் சலவை, அத்தனை கூடுதல் கார் ஓட்டம். எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது முழுசாக ஆறு யூரோ! ஒரு நல்ல காபிக்கும் ஒரு கேக்குக்கும் சரியாகப் போய்விடும்.

விஷயம் இதுதான். செலவு வருகைக்கு வருகை ஏறுகிறது. வரியோ ராத்திரிக்கு ராத்திரி வாங்கப்படுகிறது. இந்த இடைவெளியில்தான் "இரண்டு பீட்சா விலை" பிழைப்பு நடத்துகிறது.

இது எப்போதுமே இப்படி இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1950-ல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் லண்டனிலிருந்து கோர்சிகா தீவின் கால்விக்கு வாடகை விமானத்தில் ஆட்களைக் கூட்டிப் போனார். மத்தியதரைக் கடல் பேக்கேஜ் டூருக்கு அதைத்தான் பிள்ளையார் சுழி என்பார்கள். தங்கியது கூடாரத்தில், கட்டணம் 32 பவுண்டு 10 ஷில்லிங், தங்கிய காலம் இரண்டு வாரம். அன்றைக்கு விமானம் விலை உயர்ந்த சமாச்சாரம். போனால் தங்கிவிட்டுத்தான் வருவார்கள். 1993-க்கும் 1997-க்கும் நடுவில் ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளிச் சந்தையைப் படிப்படியாகத் திறந்துவிட்டது. மலிவு விமான நிறுவனங்கள் முளைத்தன. நல்லதுதான், ஏழையும் பறக்கலாம் என்றார்கள். ஆனால் அந்த மலிவில் ஒரு பங்கு சாமர்த்தியத்தால் வந்ததில்லை. சலுகையால் வந்தது. ஊருக்குள் காரில் போகிறவர் பெட்ரோலுக்கு வரி கட்டுகிறார். சர்வதேச விமானம் நிரப்பும் எரிபொருளுக்கு வரி போடாமல் விடுவது 1944 சிகாகோ உடன்படிக்கைக் காலத்திலிருந்து ஊறிப்போன பழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 எரிசக்தி வரி ஆணையும் வணிக விமானங்களுக்கு விலக்கு கொடுத்தது. ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானங்கள் 2012-லிருந்து கார்பன் அனுமதி வாங்கவேண்டும் என்று வந்தது. அதிலும் ஒரு பகுதியைப் பல வருஷம் இலவசமாகவே கொடுத்து வந்தார்கள்.

ஆக, மாசத்துக்கு ஒரு தீவு போவது சாத்தியமானது. இரண்டு வாரம் இருந்த விடுமுறை நாலு துண்டாக வெட்டப்பட்டது.

அந்தத் துண்டுகளின் பில் யாருக்குப் போகிறது?

முதலில் தண்ணீர். மயோர்காவில் பெரிய ஆறு எதுவும் கிடையாது. 1995-லிருந்து 1997 வரை வறட்சி தாங்காமல் ஸ்பெயின் நிலப்பரப்பின் எப்ரோ ஆற்றுத் தண்ணீரைக் கப்பலில் ஏற்றிப் பால்மாவுக்குக் கொண்டுவந்தார்கள். தீவுக்குத் தண்ணீர் லாரி மாதிரி தண்ணீர்க் கப்பல்! பிறகுதான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் பெருகின. குளிக்கிற தண்ணீர் தங்கும் நாளைப் பொறுத்தது, உண்மைதான். ஆனால் சலவைக்கும் துப்புரவுக்கும் ஆகும் தண்ணீர் ஆள் மாற மாற ஏறுகிறது. மழை குறைவான அதே கோடையில்தான் ஆட்களும் அதிகம்.

அடுத்தது வீடு. இதுதான் நிஜமான வலி. ஒரு பிளாட்டை வருஷ வாடகைக்கு உள்ளூர் நர்ஸுக்கு விடுவதைவிட, மூன்று மூன்று ராத்திரியாக வெளியூர்க்காரர்களுக்கு விட்டால் லாபம் அதிகம். அப்புறம் நர்ஸ் எங்கே போவார்? இபிசாவில் ஹோட்டலிலும் உணவகத்திலும் வேலை செய்கிறவர்களே வேனிலும் கூடாரத்திலும் தூங்குகிற நிலை. ஆசிரியர்களும் போலீஸ்காரர்களும் வீடு கிடைக்காமல் அந்தத் தீவுக்கு மாற்றலாகி வரத் தயங்குகிறார்கள். விருந்தாளிக்கு மெத்தை விரிக்கிற பெண்ணுக்குப் படுக்க இடமில்லை. இந்தச் செலவு எந்த டிக்கெட்டில் அச்சாகியிருக்கிறது?

மூன்றாவது, இடம். மூன்றே நாள் இருப்பவருக்கு ஊர் சுற்ற நேரமில்லை. போட்டோவில் பார்த்த அந்த அஞ்சு இடத்துக்கு மட்டும் ஓடுவார். எல்லோரும் அதே அஞ்சுக்கு. மயோர்காவின் தென்கிழக்கில் காலோ தெஸ் மோரோ என்று கைக்குட்டை அளவு கடற்கரை ஒன்று. இன்ஸ்டாகிராம் புண்ணியத்தில் அங்கே நிற்க இடமில்லாமல் போக, 2024 ஜூனில் உள்ளூர்க்காரர்கள் காலையிலேயே போய் உட்கார்ந்து, "எங்கள் கடற்கரையில் ஒரு நாள் நாங்கள் இருக்கிறோமே" என்று போராட்டமே நடத்தினார்கள். அடுத்த மாதம் பால்மா தெருக்களில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். தன் ஊர்க் கடற்கரையில் கால் நனைக்கப் போராட வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள் மூன்று.

ஒன்று, "சுற்றுலா இல்லாவிட்டால் அந்த ஊரில் அடுப்பே எரியாது." நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் கட்டில் காலியாகாமல் வருகையை மட்டும் குறைக்கச் சொல்வது. மேலே பார்த்த கணக்கில் ஹோட்டலுக்கு ஒரு ராத்திரி கூட நஷ்டமில்லை.

இரண்டு, "அந்த ஊர்க்காரர்கள்தானே வீட்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள், அப்புறம் என்ன புலம்பல்?" சம்பாதிப்பவர் வீட்டுக்காரர். புலம்புபவர் குடியிருப்பவர். ஒருவர் லாபத்தை எழுதி, இன்னொருவர் நஷ்டத்தை எழுதினால் அது ஒரே கணக்குப் புத்தகம் ஆகுமா?

மூன்று, "வேலைக்குப் போகிறவனுக்கு மூன்று நாள்தான் லீவு கிடைக்கும். பணக்காரன் மட்டும்தான் ஊர் சுற்ற வேண்டுமா?" கேள்வி நியாயமானது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வருஷத்துக்குக் குறைந்தது நாலு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரிட்டனில் 5.6 வாரம். லீவு இருக்கிறது. டிக்கெட் மலிவாக இருப்பதால் அதைத் துண்டு போடுகிறார்கள். வருகைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் வந்தால், வருஷத்துக்கு ஒரு முறை போகிற சம்பளக்காரரை அது அவ்வளவாகத் தொடாது. வருஷத்துக்கு ஆறு முறை பறக்கிறவரைத்தான் கடிக்கும். அவர் ஏழை இல்லை.

அப்படிக் கட்டணம் போடுவது நடக்கிற காரியமா? நடந்துகொண்டுதான் இருக்கிறது. கிரீஸ் 2025 ஜூலையிலிருந்து சொகுசுக் கப்பலில் வந்து சாண்டோரினியிலும் மிக்கோனோஸிலும் இறங்கும் ஒவ்வொரு பயணியிடமும் உச்சப் பருவத்தில் 20 யூரோ வாங்கத் தொடங்கியது. பால்மா 2022-லிருந்து ஒரு நாளைக்கு மூன்று சொகுசுக் கப்பல் என்று வரம்பு கட்டியது. ஃபோர்மென்டேரா 2019-லும் இபிசா 2025-லும் கோடையில் தீவுக்குள் வரும் வண்டிகளுக்கு உச்சவரம்பு வைத்தன. கப்பலுக்கும் காருக்கும் முடிகிற கணக்கு விமானத்துக்கு மட்டும் ஏன் முடியாது? ராத்திரி வரியைக் குறைத்து, இறங்கும்போது ஒரு தடவை கணிசமாக வாங்கினால் போதும். பன்னிரண்டு நாள் தங்குகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. மூன்று நாள்காரர் யோசிப்பார். யோசிக்க வேண்டும் என்பதுதான் நோக்கமே.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தீவுக்குத் திட்டம் போடுகிற யாரும் நாலு விஷயத்தை இன்றைக்கே செய்யலாம். மூன்று குட்டிப் பயணத்தை ஒன்றாகச் சேர்த்து ஒரே தடவை பத்து நாள் போகலாம். ஜூலை ஆகஸ்டை விட்டுவிடலாம். பிப்ரவரியில் மயோர்காவில் பாதாம் மரங்கள் வெள்ளையும் ரோஸுமாய்ப் பூத்துக் குலுங்கும். கடலில் குளிக்க முடியாது, ஆனால் வெயில் உண்டு, நெரிசல் இல்லை. பால்மாவிலிருந்து சோயெர் ஊருக்கு 1912-லிருந்து ஓடும் மரப்பெட்டி ரயிலும், ஊருக்கு ஊர் பஸ்ஸும் இருக்கும்போது வாடகைக் கார் எதற்கு? வீடு எடுப்பதாக இருந்தால் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஸ்பெயினில் 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் விளம்பரம் செய்யும் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு அது கட்டாயம்.

இவ்வளவும் முடியாது, கையில் இருப்பது மூன்றே நாள்தான் என்றால்? ரயில் போகிற தூரத்தில் ஒரு கடற்கரை இல்லாமலா போய்விடும்!

விலை குறைவு என்பதற்கும் செலவு குறைவு என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் பி.காம் முதல் வருஷம்கூடத் தாண்ட முடியாது. பால்மா விமான நிலையத்தில் திங்கட்கிழமை சாயங்காலம் வரிசையில் நிற்கிறவர் நினைக்கிறார், விடுமுறை மலிவாக முடிந்தது என்று. முடியவில்லை. மீதிப் பாக்கியை அவர் ரூமைக் கூட்டிக்கொண்டிருக்கும் பெண், அடுத்த மாச வாடகையில் கட்டப்போகிறார்.