சதாசிவத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

மகாதேவன் சதாசிவம் என்ற பெயரைக் கொட்டாஞ்சேனையில் சொல்லிப் பாருங்கள். முதலில் வருவது கொலை வழக்கு. அடுத்து, வெள்ளைக்காரரோ மேற்கிந்தியரோ அவரைப் புகழ்ந்த கதை. அவர் எடுத்த ஓட்டங்களைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு ஆத்திரமூட்டுவது இதுதான்.

ஓட்டங்களைத் தேடிப் போகும் இளைஞனுக்கோ வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. முதல்தரப் போட்டிகள் 11, ஓட்டங்கள் 701, சராசரி 41.23. "இவ்வளவுதானா? இதற்கா இத்தனை ஆரவாரம்?" என்று அவன் கேட்பதில் நியாயமிருக்கிறது. பிழை அவனுடையதன்று, கணக்கினுடையது. இலங்கையின் கழகப் போட்டிகளுக்கு முதல்தரத் தகுதி கிடைத்தது 1988-89 பருவத்தில்தான். சதாசிவம் 1977இலேயே காலமாகிவிட்டார். தமிழ் யூனியனுக்காக ஓவல் மைதானத்தில் அவர் ஆண்டாண்டாகக் குவித்த ஓட்டங்கள் அந்த ஏட்டில் ஏறவே இல்லை. இலங்கைக்கு டெஸ்ட் வாசல் திறந்தது 1982இல். அதுவும் அதே மைதானத்தில்!

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கும் மைனர் கவுண்டி ஆட்டங்கள் முதல்தரமாக எண்ணப்படுவதில்லை. சிட்னி பார்ன்ஸ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஸ்டஃபோர்ட்ஷயர் என்னும் அத்தகைய கவுண்டிக்கும் லீக் கழகங்களுக்குமே வழங்கினார். ஆனால் ஸ்டஃபோர்ட்ஷயருக்காக அவர் வீழ்த்திய 1,441 விக்கெட்டுகளும் எண்ணி வைக்கப்பட்டுள்ளன. பார்ன்ஸுக்கு 27 டெஸ்டுகளும் வாய்த்தன என்பது உண்மை. ஆயினும் சிறிய ஆட்டத்துக்கும் புள்ளிப் புத்தகத்தைப் பேணிய ஒரு சமூகம் அவருக்குப் பின்னால் இருந்ததே! நம்மவரிடம் அது இல்லை. பாராட்டுரைகளை மட்டும் பத்திரப்படுத்தினோம். அந்நியர் சொன்னால்தான் நம் பிள்ளை கெட்டிக்காரன் என்ற இந்தப் புத்தியை என்னென்பது?

ஏட்டில் ஏறிய கொஞ்சமே போதுமான சாட்சி. 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215. மறுஆண்டு பிராட்மனின் அவுஸ்திரேலியர் கொழும்பில் ஆடியபோது இலங்கைத் தலைவர் இவரே. (அன்று ஆடுகளம் 22 யாருக்குப் பதில் 20 யாரே இருந்ததாம், நம் நிர்வாகத் திறமை பழமையானது.) பின்னர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளின் அணித் தலைவர் என்ற பேறு எத்தனை பேருக்குக் கிட்டியது?

வழக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி அவருடைய மனைவி கொலையுண்டார். சதாசிவம் ஏறக்குறைய இருபது மாதங்கள் சிறையிலிருந்தார். 1953இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். கொல்விந் ஆர். டி சில்வாவின் வாதத் திறமையை இன்றும் சிலாகிக்கிறோம். தீர்ப்பை மட்டும் நம்ப மறுக்கிறோம். இறந்துபோன அந்தப் பெண்மணியையும் மதித்தோமில்லை. அவருடைய மரணம் நமக்கு விருந்துக்குப் பிந்திய பொழுதுபோக்காகிவிட்டது. அவரவர் கற்பனைக்கேற்ப அதை எழுதியவர்களுள் என் தொழிலைச் சேர்ந்தவர்களே அதிகம்.

தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய நாளிதழ்த் தொகுப்புகள் இருக்கின்றன. திங்கட்கிழமைப் பத்திரிகைகளைப் புரட்டினால் வாரயிறுதிக் கழக ஆட்டங்களின் புள்ளி அட்டைகள் கிடைக்கும். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் விருது விழாக்களுக்குச் செலவிடும் நம்மவர்கள், இரண்டு மாணவர்களை ஓராண்டு அங்கே இருத்தி 1930கள், 40களின் ஓட்டங்களை எண்ணச் சொல்லலாமே. தாள்கள் இப்போதே தொட்டால் உதிர்கின்றன.