தொகுதி மலைக்கு... தீர்ப்பு சமவெளிக்கு! ஏற்காடு பழங்குடி ஓட்டு பலம் கரைவது எப்படி?

ஏற்காடு ஒண்டிக்கடையில் சனி, ஞாயிறு வந்துவிட்டால் கால் வைக்க இடம் கிடையாது. சேலம், சென்னை, பெங்களூர் கார்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இங்கேதான் வந்து மூச்சு வாங்குகின்றன. லாட்ஜ், ரிசார்ட், பங்களா... எங்கே திரும்பினாலும் வெளியூர் முகம்!

இத்தனை வெளியூர்க்காரர்களும் இங்கேயே ஓட்டு வாங்கிவிட்டால் மலை ஜனங்கள் கதி என்ன? கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆபத்து வருகிற வழி வேறு.

பங்களா வாங்கினால் மட்டும் ஓட்டு வந்துவிடாது. 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு ஊரில் வீடு சொந்தம் என்ற ஒரே காரணம் போதாது. வழக்கமாக அங்கே குடியிருக்க வேண்டும். வாரக் கடைசியில் வந்து போகிறவருக்கு இங்கே ஓட்டு இல்லை.

அப்படியானால் பலம் எங்கே கரைகிறது? மூன்று இடத்தில்!

முதலாவது: எல்லைக் கோடு

இந்த மலையின் பூர்வ குடிகள் 'மலையாளி' மக்கள். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசும் மலைவாசிகள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7.95 லட்சம் பேர். நூற்றுக்கு 1.1 தான்! அதில் பெரிய கூட்டம் இவர்கள். சுமார் மூன்றரை லட்சம்.

சட்டசபையில் பழங்குடியினருக்கு முன்பு ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம் என்று மூன்று தனித் தொகுதிகள் இருந்தன. 2008 மறுசீரமைப்பில் உப்பிலியபுரம் காணாமல் போனது. மிச்சம் இரண்டு.

அந்த இரண்டில் ஒன்றான ஏற்காட்டில் 2013 டிசம்பர் இடைத்தேர்தல் நடந்தது. அ.தி.மு.க.வின் சரோஜா 1,42,771 ஓட்டு வாங்கி ஜெயித்தார். தி.மு.க.வின் மாறனுக்கு 64,655. இரண்டையும் கூட்டினால் 2 லட்சத்தைத் தாண்டுகிறது. ஏற்காடு தாலுகாவில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை எண்ணினாலும் அரை லட்சம் தேறாது! மீதி ஓட்டு எங்கிருந்து வந்தது? அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி என்று கீழே இருக்கும் ஊர்களில் இருந்துதான்.

நிற்கிறவர் பழங்குடியாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஜெயிக்க வைப்பவர் யார் என்பதை எல்லைக் கோடு முடிவு செய்கிறது.

இரண்டாவது: தலை எண்ணிக்கை

உள்ளாட்சித் தேர்தலில் கிராமவாசிக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். இங்கே பழங்குடியினருக்கு எத்தனை இடம் என்பதை அரசியல் சட்டத்தின் 243-டி பிரிவு ஜனத்தொகை விகிதத்தில் கட்டிப் போட்டிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேரில் 60 பேர் பழங்குடி. 10 வார்டு என்றால் 6 வார்டு அவர்களுக்கு. பிழைப்புக்காக வெளியூர்க்காரர் 50 பேர் வந்து குடியேறுகிறார்கள். இப்போது 150-க்கு 60. பத்துக்கு நாலு! மலைக்காரர் ஒருவர்கூடக் குறையவில்லை. இரண்டு நாற்காலி குறைந்துவிட்டது.

ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் இதற்கு ஒரு பூட்டு உண்டு. 1996-ல் வந்த 'பெசா' சட்டப்படி, அங்கே பஞ்சாயத்துத் தலைவர் பதவி எல்லாமே பழங்குடிக்குத்தான். உறுப்பினர் இடத்திலும் பாதிக்குக் குறையக் கூடாது. யார் வந்து குடியேறினாலும் அது அசையாது. ஆனால் அந்தச் சட்டம் ஐந்தாவது அட்டவணையில் உள்ள பகுதிகளுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட இல்லை. ஏற்காட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாது!

இது சில்லறை விஷயம் அல்ல. 2016 உள்ளாட்சித் தேர்தலில் பழங்குடியினருக்கு முறையாக இட ஒதுக்கீடு செய்யவில்லை என்றுதான் தி.மு.க.வின் ஆர்.எஸ்.பாரதி ஐகோர்ட்டுக்குப் போனார். அறிவிக்கை விதிப்படி இல்லை என்று அக்டோபர் 4-ந்தேதி கோர்ட் ரத்து செய்தது. சேலம் மாவட்டக் கிராமங்கள் ஓட்டுப் போட 2019 டிசம்பர் வரை காத்துக் கிடந்தன.

மூன்றாவது: வாக்காளர் பட்டியல்

மலையில் வேலை இல்லாத மாதங்களில் இளவட்டங்கள் கீழே இறங்கிக் கூலிக்குப் போகிறார்கள். கணக்கெடுக்க ஆள் வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். 2025 நவம்பர் 4-ந்தேதி தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை! சட்டசபைப் பட்டியலை வைத்துத்தான் உள்ளாட்சிப் பட்டியலும் தயாராகிறது. அங்கே போனால் இங்கேயும் போச்சு.

தற்காலிகமாக ஊரில் இல்லை என்பதற்காக ஒருவர் குடியிருப்பு உரிமை போய்விடாது என்று அதே 20-வது பிரிவு சொல்கிறது. பங்களாக்காரரைத் தடுக்கும் அதே சட்டம் கூலிக்காரரைக் காக்கிறது. தெரிந்து கேட்டால்தான் கிடைக்கும்.

சேலம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-ந்தேதி முடிந்தது. அடுத்த மக்கள்தொகைக் கணக்குக்கு 2027 மார்ச் 1 என்று மத்திய அரசு நாள் குறித்தது. புதிய நாற்காலிக் கணக்கு அந்த எண்ணிக்கையில் இருந்துதான் பிறக்கும். வேலைக்குப் போன பையனின் பெயரையும் வீட்டார் மறக்காமல் சொல்ல வேண்டும். எண்ணாத தலைக்கு நாற்காலி கிடையாது!