மன்றம் தந்து மண்ணை மறுத்தல்

‘அபிவிருத்தி முதலில்; ஆட்சியுரிமை பின்னர்’ என்பது ஆள்வோரின் பழைய வாதமாகும். சிறிய சனத்தொகை, வருவாயின்மை, பயிற்சியின்மை ஆகியவற்றைக் காட்டி, ஒரு மக்கட் கூட்டம் தன்னை ஆள்வதற்கு இன்னும் பக்குவம் எய்தவில்லை என்பர். இவ்வாதத்தின் போலித்தன்மையைக் கனடாவின் வடபுலத்து இனுயிற் மக்களின் அனுபவம் தெளிவுறுத்துகின்றது.

1993 ஆம் ஆண்டு நில உடன்படிக்கையைத் தொடர்ந்து, 1999 ஏப்ரல் 1 இல் நுனாவுற் என்னும் ஆள்புலம் உருவாயிற்று. அங்கு பெரும்பான்மையினரான இனுயிற் மக்களின் வாக்கே சட்டமன்றத்தை அமைக்கின்றது. இது பெருவெற்றி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், மன்றத்தைக் கொடுத்த கை எதனைத் தன்னிடம் வைத்துக்கொண்டது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

ஏறத்தாழ 350,000 சதுர கிலோமீற்றர் நிலம் இனுயிற் மக்களுக்கு உரித்தாயிற்று. எனினும் அதில் ஏறத்தாழப் பத்திலொரு பகுதியிலேயே நிலத்தடிக் கனிப்பொருளும் அவர்களுக்குரியது. முடிக்குரிய காணிகளிலிருந்து அரசு பெறும் கனிய உரிமப் பணத்தில், ஆண்டுதோறும் முதல் 2 மில்லியன் டொலரில் அரைப்பங்கும், அதற்கு மேற்பட்டதில் நூற்றுக்கு 5 வீதமுமே அவர்தம் பங்கு. அக்காணிகளை நிருவகிக்கும் அதிகாரம் ஒட்டாவாவிடமே நின்றது. அதனைக் கையளிக்கும் ஒப்பந்தம் 2024 சனவரியிலேயே கைச்சாத்தாயிற்று. கையளிப்புக்குக் குறிக்கப்பட்ட நாள் 2027 ஏப்ரல் 1. மன்றம் பிறந்த நாளிலிருந்து 28 ஆண்டுகள்!

நுனாவுற் அரசின் வரவிற் பெரும்பகுதி மத்திய அரசின் மானியமே எனச் சுட்டிக்காட்டுவோர் உளர். கனிய வருவாய் மட்டும் அம்மானியத்தை ஈடுசெய்யும் என யாம் வாதிடவில்லை. ஆனால், வருவாய்க்குரிய மூலவளத்தைத் தம்வசம் வைத்துக்கொண்டு, வருவாயில்லை எனப் பிறரைப் பழிப்பது எவ்வகை நீதி?

பக்குவம் பற்றிய வாதமும் இத்தகையதே. சனத்தொகையில் ஏறத்தாழ 85 வீதத்தினரான இனுயிற் மக்களுக்கு, அரச பதவிகளிலும் அதற்கேற்ற இடம் கிடைத்தல் வேண்டுமென உடன்படிக்கை கூறுகின்றது. கிடைத்ததோ ஏறத்தாழ அரைப்பங்கு. அதுவும் பெரும்பாலும் கீழ்நிலைப் பதவிகள். உடன்படிக்கை நிறைவேற்றப்படவில்லை என 2006 இல் இனுயிற் அமைப்பு மத்திய அரசுக்கெதிராக வழக்குத் தொடர்ந்தது. 2015 இல் 255.5 மில்லியன் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது; அதிற் பெரும்பகுதி பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. பயிற்சிக்குரிய பணத்தையே வழக்காடிப் பெறவேண்டியிருந்த மக்களைப் பயிற்சியற்றோர் என்பது நகைப்புக்கிடமானது அன்றோ?

எனவே, அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசுவோர் மன்றத்தின் ஆசனங்களை மட்டும் எண்ணுதல் போதாது. சுரங்கத்தைத் திறப்பதா, கரிபூ மான்கள் கன்றீனும் நிலத்தைக் காப்பதா என்பதில் இறுதி முடிவு எவருடையதோ, அவரே அந்நிலத்தை ஆள்பவர். அம்முடிவு அங்கு வாழும் மக்களின் கைக்கு வரும்வரை அபிவிருத்தி என்பது பிறர் தேவைக்கு நிகழும் அகழ்வாகவே இருக்கும்.