ஏவுதளம் வருகிறது, கீபோர்டு எங்கே?

குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். தென்மாவட்ட இளைஞர்களுக்கு விடிவு என்றார்கள். எந்த இளைஞர்களுக்கு?

அதே தூத்துக்குடியில், தூய்மைப் பணியாளர் வீட்டுத் தம்பி ஒருவனுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். ரீல்ஸ் எடிட் செய்வதில் எனக்கே பாடம் எடுப்பான். சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்றச் சொன்னால் கை நிற்கிறது. போன வருஷம் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நிரப்பியதில் வங்கிக் கணக்கு எண் தவறிப்போய்ப் பணம் வரவில்லை. பாஸ்வேர்டும் கடைக்காரரிடம்தான்.

ஆர்வமில்லை என்பார்கள். லேப்டாப்பும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் சித்தப்பாவும் சிலருக்குப் பரம்பரைச் சொத்து. அதற்குத் தகுதி என்று பெயர்.

ஒன்றிய அரசு 2017இல் கொண்டுவந்த டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 6 கோடி கிராமக் குடும்பங்களுக்கானதாக இருந்தது. வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரம். மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் சேரி அந்தக் கணக்கிலேயே வரவில்லை. (டவுனில் பிறந்தால் தானாக வந்துவிடும் போல!) நம் வீடுகள் பலவற்றில் முதலில் நுழைந்த கணினி, 2011இல் தொடங்கிய அரசு மடிக்கணினிதான். 'இலவசம்' என்று கேலி பேசினார்கள். கொரோனாவுக்குப் பிறகு அதுவும் ஆண்டுக்கணக்கில் நின்றது.

2025இல் நலவிடுதிகள் சமூகநீதி விடுதிகளாகப் பெயர் மாறின. நல்லது. ஒவ்வொன்றிலும் இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் கணினி அறையும், சம்பளம் வாங்கும் பயிற்றுநரும் வேண்டும். விண்ணப்பத்தையும் மேல்முறையீட்டையும் தகவல் உரிமை மனுவையும் அந்தத் தம்பி தன் பாஸ்வேர்டிலேயே அனுப்ப வேண்டும்.