டெமோவில் எல்லாம் ஓடும்

ஒரு டீம் 7 மாதம் உட்கார்ந்து ஒரு ஆப்பைக் கட்டுகிறது. அதை கிளையண்ட்டுக்குக் காட்ட 45 நிமிடம். "எல்லாரும் ஜாயின் பண்ணிட்டாங்களா?", "என் ஸ்கிரீன் தெரியுதா?" என்பதிலேயே முதல் பத்து நிமிடம் போய்விடும். கடைசிப் பத்து நிமிடம் பரஸ்பரப் பாராட்டு. நடுவில் மிஞ்சும் 25 நிமிடத்தில் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் அந்த ஆப். தெரியாத எதுவும் கணக்கில் வராது.

டெமோ என்கிற இந்தச் சடங்கு பொய் சொல்கிறது என்று குறைபட்டுக்கொள்பவர்கள் ஐடியில் நிறைய உண்டு. என் கோபம் அதைவிடக் கொஞ்சம் பெரியது. எதைக் கட்ட வேண்டும், எதைக் கட்ட வேண்டாம் என்பதையே இப்போது டெமோதான் முடிவு செய்கிறது.

கிராமத்துப் பெண்களுக்குக் குழு லோன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனம். பெயர் வேண்டாம். வாரம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு யாராவது ஒருத்தர் வீட்டுத் திண்ணையில் பெண்கள் கூடுவார்கள். ஃபீல்டு ஆபீசர் பைக்கில் வந்து தவணையை வாங்கி, அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். ஒருத்தர் கட்டவில்லை என்றால் குழுவில் மற்றவர்கள் சேர்ந்து அவருக்காகக் கட்ட வேண்டும். அந்த வசூலை ஃபோனில் பதிவு செய்யும் ஆப்பை நாங்கள் செய்தோம்.

இதில் கஷ்டமான விஷயம் சிக்னல். திண்ணையில் சிக்னல் கிடையாது. ஆபீசர் 'சேவ்' அழுத்துவார், சுற்றிக்கொண்டே இருக்கும், மறுபடி அழுத்துவார். ஊர் எல்லையில் சிக்னல் கிடைத்ததும் இரண்டும் போய்ச் சேரும். ஒரே தவணை இரண்டு முறை வரவு. அல்லது இரண்டுமே வழியில் தொலைந்துபோகும். அப்போது பணம் கட்டிய பெண் கட்டாதவர் பட்டியலில் ஏறுவார். அடுத்த வாரம் அதே திண்ணையில், குழுவில் மற்ற எல்லாருக்கும் முன்னால், "நான் கட்டினேன்" என்று அவர் நிரூபிக்க வேண்டும். இதை 'எட்ஜ் கேஸ்' என்று எழுதிவைத்திருந்தார்கள். இது எட்ஜ் கிடையாது. அந்த ஆபீசருக்கு இதுதான் ஒவ்வொரு காலையும்.

எங்கள் டீமில் ஒரு பெண் இதற்கு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வசூலுக்கும் ஃபோனிலேயே ஒரு தனி எண் பிறந்துவிடும். அதே எண்ணோடு ஒரு பதிவு எத்தனை தடவை வந்தாலும் சர்வர் ஒருமுறைதான் வரவு வைக்கும். சிக்னல் இல்லாவிட்டால் பதிவுகள் ஃபோனுக்குள்ளேயே வரிசையில் நிற்கும். பேட்டரி தீர்ந்து அணைந்து மறுபடி எழுந்தாலும் வரிசை கலையக் கூடாது. கேட்க எளிது. ரெண்டு பேர், மூணு மாசம் வேலை. இன்னும் ஒரு மாசம் பாக்கி இருந்தது. பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்களை வாங்கிவைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத இடம் வேண்டுமென்று ஆபீஸ் லிஃப்ட்டுக்குள் மேலும் கீழும் போய்ச் சோதித்துக்கொண்டிருப்பார். செக்யூரிட்டி அண்ணன் ஒருநாள், "மேடம், எந்த மாடிக்குத்தான் போறீங்க?" என்று கேட்டேவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், இதை எப்படி டெமோ காட்டுவது? அது சரியாக வேலை செய்தால் எதுவுமே நடக்காது. யாருடைய தவணையும் தொலையாது, யாரும் திண்ணையில் அழமாட்டார்கள். நடக்காமல் போனதை ஸ்கிரீன் ஷேர் பண்ண முடியாது. ஒத்திகையில் மேனேஜர், "இதுல காட்டுறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். அவர் இடத்தில் அது நியாயமான கேள்விதான். அந்த வேலையிலிருந்து ஆளைப் பிரித்து ரெண்டு வாரம் டேஷ்போர்டில் போட்டார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டம். மாவட்டத்தைத் தொட்டால் மேப் விரியும். டெமோவில் மேப் விரிந்தபோது கிளையண்ட் தரப்பில் ஒருவர் 'வாவ்' என்றார். ஆஃப்லைன் வேலையின் பாக்கி 'ஃபேஸ் டூ'வுக்குப் போனது. ஃபேஸ் டூ என்பது நம் துறையில் சுடுகாட்டுக்கு வைத்திருக்கும் கௌரவமான பெயர்.

அன்றைக்கு மேப்பில் தெரிந்த எண்கள் எங்கிருந்து வந்தன? நாங்களே உட்கார்ந்து தட்டியவை. டெமோ டேட்டா என்பது இரவல் நகை. குமார், பிரியா, கவிதா. கடன் 10,000, 20,000, 30,000. எல்லாருக்கும் 'லாஸ்ட் நேம்' உண்டு. நிஜத்தில் ஒரே குழுவில் மூன்று லட்சுமிகள் இருப்பார்கள். ஒருவருக்கு இனிஷியல் முன்னால், ஒருவருக்குப் பின்னால், ஒருவருக்கு அப்பாவுடையதா புருஷனுடையதா என்ற குழப்பம். லாஸ்ட் நேம் போட்டால்தான் அடுத்த பக்கம் போகும் என்று வைத்தால், நம் ஊரில் எல்லாரும் அங்கே ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போவார்கள். பாதி ஊருக்குக் குடும்பப் பெயர் 'புள்ளி' ஆகிவிடும். டெமோவில் அந்தப் புள்ளி ஒருபோதும் வராது.

இந்த இடத்தில் யாராவது ஸ்டீவ் ஜாப்ஸை இழுப்பார்கள். "ஐஃபோன் டெமோவே அப்படித்தானே ப்ரோ!" உண்மைதான். 2007 ஜனவரி 9 அன்று மேடையில் அவர் காட்டிய ஃபோன் பாதி வெந்தது. ஒரு பாட்டின் ஒரு பகுதி ஓடும், முழுசாகப் போட்டால் நின்றுவிடும். மெயில் அனுப்பிவிட்டு இணையத்துக்குப் போகலாம், வரிசையை மாற்றினால் போச்சு. எந்த வரிசையில் எதைத் தொட்டால் விழாது என்று பொறியாளர்கள் ஒரு 'தங்கப் பாதை' வகுத்துக் கொடுத்திருந்தார்கள். சிக்னல் எப்போதும் 5 கோடு காட்டும்படி எழுதப்பட்டிருந்தது. ஒரு ஃபோனில் மெமரி தீர்ந்தால் மாற்றிக்கொள்ள மேடையில் வேறு ஃபோன்கள். இதையெல்லாம் பின்னாளில் சொன்னவர்கள் அந்த டீமிலேயே இருந்தவர்கள்.

ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள் இன்னொரு தேதியை விழுங்கிவிடுகிறார்கள். ஃபோன் கடைக்கு வந்தது ஜூன் 29. இடையில் ஐந்தரை மாதம், ஆப்பிளின் காசு, ஆப்பிளின் ஆட்கள். காட்டிய பொய்யை உண்மையாக்கும் பொறுப்பு அவர்களுடையதாகவே இருந்தது. நமக்கு வெள்ளிக்கிழமை டெமோ, திங்கட்கிழமை கோ-லைவ். ஜாப்ஸிடமிருந்து ஐந்து கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸில் நடந்ததைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, கிறிஸ் கப்போசெலா ஒரு ஸ்கேனரைச் செருகுகிறார். விண்டோஸ் 98 நீலத் திரையாகிச் செத்துவிழுகிறது. இன்னும் வெளியிடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான் போல என்று கேட்ஸ் சமாளித்தார். எனக்கு அது நல்ல டெமோ. நிஜமான ஒரு கருவியை, கூட்டத்துக்கு முன்னால், செருகிப் பார்த்தார்கள். விழுந்தது, தெரிந்தது. விண்டோஸ் 98 ஜூனில் விற்பனைக்கு வந்தது. கப்போசெலாவை வீட்டுக்கு அனுப்பவில்லை. பிற்பாடு மைக்ரோசாஃப்ட்டின் மார்க்கெட்டிங் தலைவரானார். இங்கே ஒரு ஜூனியர் டெமோவில் அப்படி மாட்டியிருந்தால் அப்ரைசல் என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஜூனியர் மாட்டமாட்டார் என்பதும் உண்மைதான், ஏனென்றால் பேசவே விடமாட்டார்கள். டெமோ கொடுப்பவர் 'கம்யூனிகேஷன்' உள்ளவர். தமிழில் சொன்னால், கான்வென்ட் இங்கிலீஷ் வருபவர். கட்டியவர்களுக்கு ஒரே உத்தரவு: "மியூட்ல இருங்க." லிஃப்ட்டுக்குள் ஏறி இறங்கிய பெண் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்து வந்தவர். ஆஃப்லைன் பற்றி கிளையண்ட் ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. பதில் தெரிந்த ஒரே ஆள் மியூட்டில் இருந்தார். பதில் தெரியாத ஆள், "கிரேட் கொஸ்டின், நாம இதைத் தனியா எடுத்துக்கலாம்" என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார். தனியாக யாரும் எடுக்கவில்லை. பெண் பார்க்கும் சடங்கிலாவது பெண்ணைக் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வரவிடுவார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள்.

டெமோ என்றாலே இப்படித்தான் என்று எனக்குச் சொல்லாதீர்கள். 1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோ. டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிடம் காட்டினார்: மௌஸ், இணைப்புச் சுட்டிகள், இரண்டு பேர் ஒரே ஆவணத்தில் வேலை செய்வது, வீடியோவில் பேசிக்கொள்வது. அதுவும் ஒத்திகை பார்த்த மேடைதான். பில் இங்கிலிஷ் பின்னால் இருந்து மொத்தத்தையும் இயக்கினார். ஆனால் இரண்டு வித்தியாசம். மேடையில் காட்டியதை அந்த டீம் மென்லோ பார்க்கில் தங்கள் சொந்த வேலைக்கே பயன்படுத்திக்கொண்டிருந்தது. அடுத்தது, கட்டியவர்கள் திரையில் வந்து பேசினார்கள். ஜெஃப் ருலிஃப்சன், பில் பாக்ஸ்டன் இருவரும் மென்லோ பார்க்கில் இருந்தபடியே தங்கள் பகுதியைக் காட்டினார்கள். யாரும் மியூட்டில் இல்லை.

"காசு கொடுக்கிறவன் பார்க்காம கொடுப்பானா? டெமோ வேணாமா?" என்பார்கள். வேணும். 2001-இல் 17 பேர் யூட்டாவில் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, வேலை செய்யும் மென்பொருள்தான் முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்கிறது. ஸ்ப்ரின்ட் ரிவ்யூவை வெறும் பிரசென்டேஷனாகச் சுருக்காதீர்கள், அது சேர்ந்து வேலை பார்க்கும் அமர்வு என்று 2020-இன் ஸ்க்ரம் கையேடு எழுதிவைத்திருக்கிறது. அந்தச் சான்றிதழை லிங்க்ட்இனில் மாட்டி வைத்திருப்பவர்கள்தான் பிரசென்டேஷனுக்கு டெம்ப்ளேட் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வேலை செய்வது என்றால் யாருக்கு, எங்கே? ஓஎம்ஆரில் ஏசி அறையில், வைஃபையில், புது ஐஃபோனில் எனக்கு வேலை செய்வதை வைத்து எதை அளப்பது?

ஆப் போய்ச் சேர்ந்து சில மாதம் கழித்து ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஆபீசர், சின்னப் பையன், பையிலிருந்து கோடு போட்ட நீள நோட்டை எடுத்து எல்லாருடைய தவணையையும் பேனாவால் எழுதினார். ஃபோனை எடுக்கவே இல்லை. கேட்டேன். "சார், இங்க ஏத்துனா நிக்காது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில சிக்னல் கிடைக்கும், அங்க உக்காந்து ஏத்திருவேன்." வேலை முடிந்த பிறகு, சம்பளம் இல்லாத நேரத்தில், தினமும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் எந்த டேஷ்போர்டிலும் வராது.

அடுத்த புராஜெக்ட்டுக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன். டெமோ கிளையண்ட்டின் கிளை அலுவலகம் ஒன்றில் நடக்க வேண்டும், அவர்கள் கையில் வைத்திருக்கும் ஃபோனில். போன மாதத்து நிஜ வசூல் பட்டியல், பெயரை மட்டும் மாற்றி; இனிஷியல் குழப்பத்தில் கைவைக்கக் கூடாது. ஃபோன் ஏரோப்ளேன் மோடில். திரையைத் தொடுவது ஒரு ஃபீல்டு ஆபீசர். கேள்விக்குப் பதில் சொல்வது அந்தப் பகுதியை எழுதியவர், தமிழில். மும்பையிலிருந்து வருபவருக்கு வேண்டுமானால் அந்தக் கம்யூனிகேஷன் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கட்டும்.

"கிளையண்ட் முன்னாடி ரிஸ்க் எடுக்க முடியாது" என்று பதில் வந்தது. அந்த ரிஸ்க்கை இப்போது யார் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திருப்பி எழுதினேன். அதையும் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள்.